டேரனுக்குப் பதிலாக ஓர் ஓட்டு

"ரெண்டே வருஷம், மெல்," என்றான் டேரன்.

"உங்க அண்ணன் சமையலறை கட்ட ஆரம்பிச்சப்ப சொன்னானே, அந்த ரெண்டு வருஷமா? இல்ல காலண்டர்ல இருக்கற ரெண்டு வருஷமா?"

"காலண்டர்ல இருக்கறதுதான். அதுக்குள்ள இங்கயே ஏதாவது கிடைச்சிடும். கிரேன் ஓட்டத் தெரிஞ்சவனுக்கு வேலை இல்லாமயா போயிடும்?"

"இப்ப இல்லாமத்தானே போயிருக்கு."

"அது ஆலைய மூடினதால. எனக்குக் கிரேன் ஓட்டத் தெரியாததால இல்ல."

"சரி. போயிட்டு வா."

"கோவமா சொல்றியா, நிஜமா சொல்றியா?"

"வாயில உருளைக்கிழங்கு இருக்கு. சுடுது. அதான் அப்படிக் கேக்குது."

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், ரெட்கார் ஊரின் கடற்கரைச் சாலையில் காரை நிறுத்திக்கொண்டு, மடியில் மீனும் வறுவலும் வைத்துக்கொண்டு அவர்கள் பேசிய பேச்சு அது. வெளியே மழை. பின்னிருக்கையில் ஆறு மாதக் குழந்தை டார்சி தூங்கிக்கொண்டிருந்தாள். 2015 அக்டோபர், ஊரின் இரும்பாலையை மூடிய மாதம். அதற்கு அடுத்த மாதமே டேரன் வடகடலுக்கு நடுவில் எண்ணெய் எடுக்கும் மேடை ஒன்றில் கிரேன் ஓட்டப் போய்விட்டான். மூன்று வாரம் அங்கே, மூன்று வாரம் வீட்டில். போகவும் வரவும் ஹெலிகாப்டர்.

மெலனி அந்தப் பேச்சை அடிக்கடி நினைத்துக்கொள்வாள். தான் சொன்ன 'சரி'க்கு முடிவுத் தேதி எதுவும் போட்டு வைக்கவில்லை என்பது அவளுக்குப் பிற்பாடுதான் உறைத்தது. இரண்டு வருஷம் எட்டரை வருஷமாகிவிட்டது. டேரன் பொய் சொல்லவில்லை. அவனை யாரும் திரும்பக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கேட்காததற்குக் காரணம் இருந்தது. ரிக் என்று சொல்லும் இந்த மேடைகளில் வேலை பார்ப்பவர்களின் மனைவிகளுக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குக் கெட்ட சேதி போகக் கூடாது. நடுக்கடலில் ஐம்பது மீட்டர் உயரத்தில் இரும்பைத் தூக்கிக்கொண்டிருக்கிறவனிடம் வீட்டு வெந்நீர்க் கொதிகலன் வெடித்துவிட்டது என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? ஹெலிகாப்டரைக் கூப்பிடுவானா? அதனால் சொல்வதில்லை. ஆள் ஊருக்கு வந்து, குளித்து, ஒரு நாள் தூங்கி எழுந்த பிறகு, டீ கொடுத்துவிட்டுச் சொல்வார்கள். டார்சி கையை ஒடித்துக்கொண்டது அவள் அப்பாவுக்குப் பதினோராம் நாள்தான் தெரியும். மெலனியின் பெரியம்மா செத்ததை, அடக்கம் முடிந்து, அவள் வீட்டை விற்கப் போட்ட பிறகுதான் அவன் கேள்விப்பட்டான்.

ஆனால் 'நீ இனிமேல் போகாதே' என்பதை எப்போது சொல்வது? கடலில் இருக்கும்போது சொல்லக் கூடாது. வீட்டுக்கு வந்தால் இருப்பதே மூன்று வாரம்; அதைக் கெடுக்க மனசு வராது. முதல் வாரம் களைப்பாக இருப்பான். இரண்டாம் வாரம் சந்தோஷமாக இருப்பான். மூன்றாம் வாரம் பையைக் கட்ட ஆரம்பித்துவிடுவான். எட்டரை வருஷமாக மெலனி இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். விடை வரவில்லை.

2024 மே மாதக் கடைசியில் ஒரு மழை நாளில் தேர்தல் அறிவித்தார்கள். ஜூலை நான்காம் தேதி. அடுத்த வாரம் டேரன் வீட்டுக்கு வந்தான். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துவிட்டு, "நான் கடல்ல இருப்பேன்," என்றான்.

"நல்லதாப் போச்சு. உனக்கு யாருக்குப் போடறதுன்னு யோசிக்கற வேலை மிச்சம்."

"அதெப்படி? பதிலாள் ஓட்டு இருக்கே. நான் எழுதிக் குடுத்துட்டா எனக்குப் பதிலா நீ போடலாம்."

"நான் எனக்கே இன்னும் முடிவு பண்ணல. இதுல உனக்கு வேற போடணுமா?"

"உனக்கு நீ முடிவு பண்ணு. எனக்கு நான் சொல்றேன். நீ கோடு மட்டும் கிழிச்சாப் போதும்."

சமையலறை மேசையில் உட்கார்ந்து அவர்கள் முறையாகவே யோசித்தார்கள். கதவுக்குக் கீழே விழுந்த கட்சி நோட்டீஸ்களை எல்லாம் மெலனி நிறவாரியாக அடுக்கி வைத்திருந்தாள். டார்சி எதிரில் உட்கார்ந்து பிளாக்கரன்ட் ஜாமை ரொட்டியில் தடவிக்கொண்டிருந்தாள். சொல்லப்போனால் மேசையில் தடவிக்கொண்டிருந்தாள்.

"டார்சிக்கு எது நல்லதோ அதப் பாத்துப் போடுவோம்," என்றான் டேரன்.

"பள்ளிக்கூடக் கூரை ஒழுகுது. நூலகத்துல வாளி வச்சிருக்காங்க."

"யாரு கூரைய மாத்தறேன்னு சொல்றாங்க?"

மெலனி நோட்டீஸ்களைப் புரட்டினாள். "எல்லாரும்."

"பல் டாக்டரு?"

"எல்லாரும்." மெலனி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள். அரசாங்கச் செலவில் பல் பார்க்க இடமில்லை என்று ஃபோனில் சொல்வதுதான் அவளுடைய முக்கியமான வேலை. நாளுக்கு நாற்பது தடவை சொல்வாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொல்வதால் அவளுக்கு நல்ல பெயர்.

"அப்ப எண்ணெயப் பாத்துத்தான் போடணும்," என்றான் டேரன். "சிவப்புக்காரங்க புதுசா எங்கயும் தோண்ட விடமாட்டேங்கறாங்க. நீலக்காரங்க தோண்டுங்கறாங்க. என் பொழப்பு தோண்டறதுல இருக்கு."

"அப்ப நீலம்."

டேரன் டீயைக் கலக்கினான். சர்க்கரை போட்டிருக்கவில்லை, ஆனாலும் கலக்கினான். அவனுடைய அப்பா முப்பத்தோரு வருஷம் இரும்பாலையில் உலைக்கு முன்னால் நின்றவர். தொழிலாளிகளின் கட்சியான சிவப்பைத் தவிர வேறெதற்கும் அவர் ஓட்டுப் போட்டதில்லை. வீட்டில் நீலக் குளியல் துண்டு கூட வைத்ததில்லை என்று டேரன் சொல்வான். அது பாதி நிஜம்.

"எங்கப்பா கல்லறையிலேர்ந்து எந்திரிச்சு வந்துடுவாரு."

"வந்தா நான் பேசிக்கறேன். அவருக்கு என்னப் பிடிக்கும்."

"இரு, இரு. இது ஒரு விதத்துல நல்லதுதான். பென்சிலப் பிடிக்கப்போறது உன் கை. அப்ப நான் நீலத்துக்குப் போட்டதா ஆகாது பாரு."

"அப்ப அந்தப் பாவம் எனக்கா?"

"பாதிப் பாதி."

"உன் குடும்பப் பாவத்துல எனக்கு எதுக்குடா பங்கு?"

டார்சி நிமிர்ந்து பார்த்து, "எங்க கிளாஸ்ல நேத்து தேர்தல் வச்சோம்," என்றாள். "நான் நின்னேன். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கணக்கு கிடையாதுன்னு சொன்னேன். தோத்துட்டேன்."

"ஏன் கண்ணு?"

"இன்னொருத்தி கணக்கே கிடையாதுன்னு சொல்லிட்டா."

டேரன் வெகுநேரம் சிரித்தான். பிறகு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டான். 'உங்கள் பதிலாள் உங்களுக்கு என்ன உறவு' என்ற இடத்தில் மனைவி என்று எழுதினான். எழுதிவிட்டு, வேறு ஏதோ சின்ன விஷயம் ஞாபகத்துக்கு வந்ததுபோல, "கம்பெனியில எனக்கு மேற்பார்வையாளர் வேலை தர்றேங்கறாங்க மெல்," என்றான். "கிரேன் பக்கம் மொத்தமும் என் பொறுப்பு. அஞ்சு வருஷத்துக்கு ஒப்பந்தம். இந்தத் தடவ போய்த் திரும்பறதுக்குள்ள பதில் சொல்லணும். நீ என்ன நினைக்கற?"

அது மூன்றாம் வாரம். வாசல் பக்கத்தில் பை பாதி கட்டியபடி இருந்தது.

"நல்லதுதானே," என்றாள் மெலனி.

அவள் குரல் அப்படிச் சொன்னது. அவள் கை மேசையிலிருந்த ஜாமைத் துடைத்தது. ஐந்து வருஷம் என்றால் டார்சிக்குப் பதினான்கு. அதில் பாதி நாள் டேரன் இருக்க மாட்டான். ஒன்பது வயதில் பாதி ஏற்கெனவே போய்விட்டது.

அவன் கிளம்பிப் போன நாலாம் நாள், காலையில் பல் துலக்கும்போது மெலனிக்கு அந்த யோசனை வந்தது. முதலில் அது யோசனையாகவே தெரியவில்லை. சிவப்புக்காரர்கள் ஜெயித்தால் புதிதாகத் தோண்ட முடியாது. தோண்டாவிட்டால் மேடைகளை மூடுவார்கள். மூடினால் டேரன் வீட்டுக்கு வந்துவிடுவான். அவள் வாய் திறக்க வேண்டியதில்லை. அவனுக்கும் அவள்மேல் வருத்தம் இருக்காது, அரசாங்கத்தின்மேல் இருக்கும். அரசாங்கத்துக்கு அது பழக்கம்தான்.

அவள் நுரையைத் துப்பிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். இவ்வளவு சுலபமான வழி இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்று இருந்தது.

அந்தச் சனிக்கிழமையே கட்சியின் சிவப்புத் துணிப்பூவைச் சட்டையில் குத்திய ஓர் ஆள் வாசலில் வந்து நின்றார். நல்ல மனிதர், ஷூவைத் துடைத்துவிட்டுத்தான் வாசல் மிதியடியில் காலை வைத்தார். மெலனி கதவை அகலத் திறந்தாள். பிரசாரத்துக்குப் போகிறவர்களுக்கு அப்படி நடப்பதில்லை. அவர் ஓரடி பின்வாங்கினார்.

"என் வீட்டுக்காரர் ரிக்ல இருக்காரு," என்றாள் மெலனி.

அவர் முகம் மாறியது. இந்தக் கடற்கரையில் அந்த வாக்கியத்தை அவர் பல வீடுகளில் கேட்டிருக்க வேண்டும். "புரியுதும்மா. உங்க கவலை எனக்கு நல்லாப் புரியுது."

"நீங்க ஜெயிச்சா அத எப்ப மூடுவீங்க?"

"மூடவே மாட்டோம்!" அவர் நெஞ்சில் கை வைத்தார். "இதத்தான் நீலக்காரங்க கிளப்பி விடறாங்க. புதுசாத் தோண்ட அனுமதி குடுக்க மாட்டோம், அவ்வளவுதான். இப்ப ஓடிக்கிட்டிருக்கறது அப்படியே ஓடும்."

"எத்தன நாளைக்கு?"

"நாளா? வருஷக்கணக்குல! இன்னும் பத்து, இருபது, முப்பது வருஷம் கூட. உங்க வீட்டுக்காரர் நிம்மதியா அங்கயே ஓய்வு பெறலாம்."

"முப்பது வருஷமா?"

"நான் உத்தரவாதம் தர்றேன்," என்றார் அவர் மலர்ந்த முகத்துடன்.

மெலனி கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்து நின்றாள். அந்த மனிதர் நோட்டில் அவள் பெயருக்கு எதிரில் ஏதோ குறித்துக்கொண்டு சந்தோஷமாகப் பக்கத்து வீட்டுக்குப் போவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் நோட்டீஸ் கட்டை மறுபடியும் எடுத்தாள். அடியில், மட்டமான பழுப்புத் தாளில், பச்சைக்காரர்களுடையது ஒன்று இருந்தது. வேட்பாளர் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. சைக்கிளுடன் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கடலில் எண்ணெய் எடுப்பதை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் நிறுத்த வேண்டும் என்று போட்டிருந்தது. மெலனி அந்த வரியை மூன்று தடவை படித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் டேரன் எழுதிய ஒரே ஒரு கடிதத்தைக்கூட அவள் இரண்டு தடவைதான் படித்தாள். அதில் பாதி கால்பந்தைப் பற்றியது.

டேரன் தினமும் ஏழரைக்கு, பகல் ஷிஃப்ட் முடிந்து, சாப்பிட்டுவிட்டுப் பேசுவான்.

"இங்க கேன்டீன்ல தினமும் சண்டை," என்றான் ஒரு நாள். "சமையல்காரன் ஒரு கட்சி, எலெக்ட்ரிசியன் ஒரு கட்சி. நேத்து சமையல்காரன் எலெக்ட்ரிசியனுக்குப் புட்டிங் தரல."

"நீ எந்தக் கட்சி?"

"எனக்குப் புட்டிங் வந்துச்சு. அங்க என்ன சேதி?"

"ஒண்ணுமில்ல. வெயில் அடிக்குது. கொஞ்சம் காத்து."

"டார்சி?"

"நல்லா இருக்கா. உன் ஓட்டு என்னாச்சு?"

டேரன் குரலைத் தாழ்த்தினான். "நீலத்துக்கே போட்டுடு மெல். ஆனா போட்டுட்டு எங்கிட்டச் சொல்லாத. கேட்டாலும் சொல்லாத."

ஜூலை நான்காம் தேதி பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. ஏனென்றால் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. பிள்ளைகளை எங்கே விடுவது என்று தெரியாமல் ஊரிலிருக்கும் தாய் தகப்பன்கள் எல்லாம் அன்று அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே ஓட்டுப் போடப் போனார்கள். மெலனி அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு டார்சியைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள்.

வாசலில் இரண்டு நாய்களைக் கட்டியிருந்தார்கள். உள்ளே, பிள்ளைகள் குட்டிக்கரணம் போடும் கூடத்தில், மேசைக்குப் பின்னால் மோரீன் உட்கார்ந்திருந்தாள். மற்ற நாட்களில் அதே கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறுகிறவள். மெலனி வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். முந்தின நாள்தான் மெலனியின் குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்து வைத்தாள்.

"உங்க பேரு?" என்றாள் மோரீன்.

"மோரீன், என்ன இது?"

"கேக்கணும்மா. சட்டம். பேரு?"

"மெலனி ஹார்ப்பர். என் ஓட்டு ஒண்ணு. டேரனோடது ஒண்ணு, நான் அவனுக்குப் பதிலாள்."

"படம் போட்ட அடையாளச் சீட்டு?"

மெலனி கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாள். மோரீன் அதைத் திறந்தாள். படத்தைப் பார்த்தாள். மெலனியைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

"இது டேரன்."

"ஆமா. அவனோட ஓட்டுக்கு அவன் முகம் வேணும்ல?"

"இல்லம்மா. வந்திருக்கறவங்க முகம்தான் வேணும். ரெண்டு ஓட்டுக்கும் உன் முகம்தான். உன்னோடது எங்க?"

மெலனி பையைக் கிளறினாள். நேற்றிரவு டேரனுடைய பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்த ஞாபகத்தில், தன்னுடைய ஓட்டுநர் உரிமத்தை எடுக்கவே மறந்திருந்தாள். "வீட்ல."

"போய் எடுத்துட்டு வா."

"மோரீன், என்னை உனக்குத் தெரியாதா?"

"பதினஞ்சு வருஷமாத் தெரியும். ஆனா நீ யாருன்னு நிரூபிக்கணுமே," என்றாள் மோரீன் உண்மையான வருத்தத்துடன். டார்சி குனிந்து தன் ஷூவைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள்.

திரும்பக் கடற்கரைச் சாலை வழியாக நடந்தார்கள். நடக்க வைத்த குற்றத்துக்காக மெலனி, மேலே எலுமிச்சை ஐஸ் வைத்த கோன் ஒன்று டார்சிக்கு வாங்கிக் கொடுத்தாள். கடல் தட்டையாக, சாம்பல் நிறத்தில் கிடந்தது. தொலைவில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. டேரன் இருக்கும் இடம் இங்கிருந்து தெரியாது.

"அப்பா யாருக்குப் போடச் சொன்னாரு?"

"ரகசியம்."

"நீ யாருக்குப் போடப்போற?"

"அதுவும் ரகசியம்."

டார்சி ஐஸை நக்கினாள். "அப்பாகிட்டச் சொல்லுவியா?"

"மாட்டேன். வீட்டுக்குள்ள அதெல்லாம் கேட்டுக்கறதில்ல."

"நீதான் அப்பாகிட்ட எதையுமே சொல்ல மாட்டியே."

"நான் தினமும் பேசறேனே!"

"வெயில் அடிக்குது, காத்து அடிக்குதுன்னு சொல்வ. டிவில செய்திக்கு அப்புறம் ஒருத்தர் வருவாருல்ல? அவரு மாதிரி." டார்சி இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஐஸ் உருகுவதுதான் அவளுக்கு அப்போதைய கவலை. "ஒழுகுது, டிஷ்யூ குடு."

மெலனி டிஷ்யூவைக் கொடுத்தாள்.

இரண்டாம் தடவை போனபோது மோரீன் உரிமத்தை வாங்கி, முதல் தடவை பார்ப்பவள்போல முகத்தோடு ஒப்பிட்டாள். பட்டியலில் மெலனியின் பெயர்மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டாள். இன்னொரு பட்டியலில் டேரனுக்கு ஒரு கோடு போட்டாள். இரண்டு வாக்குச்சீட்டுகளைக் கிழித்துக் கொடுத்தாள். மெலனி பலகைத் தடுப்புக்குள் போனாள். டார்சி வெளியே நின்று கயிற்றேணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு சீட்டுகளும் ஒன்றுபோல இருந்தன. அதே ஏழு பெயர்கள், அதே கட்டங்கள். எது டேரனுடையது, எது தன்னுடையது என்று மெலனி ஒரு நிமிஷம் பார்த்தாள். எதிலும் எழுதியிருக்கவில்லை. இடது பக்கம் இருப்பது டேரன் என்று வைத்துக்கொண்டாள். கட்டிலில் அவன் அந்தப் பக்கம்தான் படுப்பான்.

நூலில் கட்டிய பென்சிலை எடுத்து இடது பக்கச் சீட்டில் நீலத்துக்கு எதிரில் பெருக்கல் குறி போட்டாள். மாமனாரிடம் மனசுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டாள். பல் மருத்துவமனையில் கேட்டுக் கேட்டு அது தானாக வந்தது.

பிறகு வலது பக்கச் சீட்டு. பென்சிலைப் பச்சைக்கு எதிரில் கொண்டுபோனாள். சைக்கிள் ஆசிரியை இந்த ஊரில் ஜெயிக்கப் போவதில்லை. அது சைக்கிள் ஆசிரியைக்கே தெரியும். ஜெயித்தாலும் ஒரு மேடையை மூட எத்தனை கமிட்டி, எத்தனை வருஷம். அவள் ஒரு காரியத்தை நடத்தித் தரும்படி கேட்டுக்கொண்டிருந்தாள். யாரிடம்? இந்தத் தொகுதியிலிருக்கும் எழுபதாயிரம் பேரிடம். நாட்டிலிருக்கும் கோடிக்கணக்கான பேரிடம். முன்பின் பார்த்திராத ஒரு மந்திரியிடம். கேட்காமல் விட்டது ஒரே ஓர் ஆளிடம்தான்.

அவள் பச்சைக்குக் குறியைப் போட்டாள். வேறெங்கே போடுவது? இரண்டு சீட்டையும் மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். "ரொம்ப நேரம் எடுத்துக்கிட்ட," என்றாள் மோரீன். "ரெண்டு பேருக்குப் போடணும்ல?" என்றாள் மெலனி.

சாயங்காலம் ஏழரைக்கு ஃபோன் அடித்தது. இன்னும் நல்ல வெளிச்சம். டார்சி பின்பக்கப் புல்வெளியில் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு எகிறிக்கொண்டிருந்தாள். மெலனி சமையலறை மேசையருகே நின்றுகொண்டே எடுத்தாள்.

"போட்டாச்சா?" என்றான் டேரன்.

"போட்டாச்சு. ரெண்டும்."

"என்னோடத... வேண்டாம், சொல்லாத." உடனே குரலைத் தாழ்த்தினான். "நான் சொன்னபடிதானே?"

"சொல்லாதன்னு சொன்ன."

"ஆமா ஆமா. சொல்லாத. ஆனா சொன்னபடிதானே?"

"சொன்னபடிதான்."

"ஐயோ," என்றான் டேரன். பிறகு பெருமூச்சு விட்டான். "சரி. அங்க என்ன சேதி? வெயிலா?"

மெலனி ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். வெயில்தான். அந்த வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"அப்புறம் மெல், அந்த மேற்பார்வையாளர் வேலை. நாளைக்குக் காலையில ஒப்பந்தத்த அனுப்பறாங்களாம். கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிட்டா முடிஞ்சுது. நீயும் நல்லதுன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு? வாயில உருளைக்கிழங்கா?"

அவனுக்கும் அது ஞாபகம் இருந்திருக்கிறது. மெலனி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"டேரன், என் ஓட்ட யாருக்குப் போட்டேன்னு நீ கேக்கவே இல்லயே."

"நாம அதெல்லாம் கேட்டுக்கறதில்லயே."

"இப்பக் கேளு."

"சரி. யாருக்குப் போட்ட?"

"பச்சைக்கு."

டேரன் சிரித்துவிட்டான். பின்னால் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. "பச்சைக்கா! நீயா? போன மாசம் கூட தயிர் டப்பாவ எந்தத் தொட்டியில போடறதுன்னு தெரியாம என் அண்ணன் வீட்டுத் தொட்டியில போட்டியே! என்ன திடீர்னு திமிங்கலத்து மேல பாசம்?"

"திமிங்கலத்துக்காக இல்ல."

"அப்புறம்?"

"அவங்க உன் மேடைய மூடிடுவோம்னு எழுதியிருந்தாங்க. சீக்கிரமா மூடணும்னு. அதுக்காகப் போட்டேன்."

தட்டுச் சத்தம் நின்றுவிட்டது. டேரன் நடந்து வேறெங்கோ போகிறான் என்று தெரிந்தது. ஒரு கனத்த கதவு சாத்தும் ஓசை, பிறகு காற்று.

"என் வேலை போகணும்னுதான் ஓட்டுப் போட்டியா?"

"ஆமா."

"விளையாடறியா?"

"இல்ல. சிவப்புக்காரர்கிட்டயும் வாசல்ல நிக்க வச்சுக் கேட்டேன், எப்ப மூடுவீங்கன்னு. முப்பது வருஷம் ஆகும்னாரு. ரொம்ப நல்லவரு. நான் பயந்துபோய்க் கேக்கறேன்னு நினைச்சுக்கிட்டாரு."

காற்று இரைந்தது. இணைப்பு போய்விட்டதோ என்று அவள் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். போகவில்லை. வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"மெல்," என்றான் டேரன். கேலி இல்லாத குரல். "உனக்கு என்ன வேணும்? கட்சியெல்லாம் விடு. உனக்கு என்ன வேணும்னு சொல்லு."

அவன் நடுக்கடலில் இருந்தான். காலையில் ஏழு மணிக்கு மறுபடியும் அந்த உயரத்துக்கு ஏற வேண்டியவன். இந்த மாதிரி நேரத்தில் வெயில் அடிக்கிறது என்று சொல்வதுதான் ஊர் வழக்கம். வெளியே டார்சி ஏதோ கத்திச் சிரித்தாள்.

"அந்தத் தாள்ல கையெழுத்துப் போடாத, டேரன்," என்றாள் மெலனி. "வீட்டுக்கு வந்துடு. மூணு வாரத்துக்கு இல்ல. எங்களோடயே இருக்கறதுக்கு வந்துடு."